மேடம் வூட்டுக் கோழி

காலுறைக்குள் தலை நுழைந்ததும் காட்டுக்கோழி அடங்கிவிடும். அதுவரை இறக்கையால் முகத்தில் அறைந்துகொண்டிருந்த பறவை, கண் மறைந்ததும் கையில் பொட்டலம் போலக் கிடக்கும். எங்கள் வனவர் மேடத்தின் காக்கிக் காலுறை அது. மூச்சுவிட வசதியாக நுனியை வெட்டியிருந்தார். அதற்கென்று விற்கும் பை வாங்க ஆபீசில் வழியில்லை. எடை பார்க்க, படவேட்டிலிருந்து நான் கொண்டுபோன காய்கறிக்கடைத் தராசு. வலைகூட இரவல்தான். ஆனால் கோழியின் காலில் எண் போட்ட வளையத்தைப் பூட்டும்போது, பெற்ற பிள்ளைக்குக் கொலுசு போடுகிற முகம் அவருக்கு. ஜீப் ஓட்டப்போன எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் அதே பைத்தியம் பிடித்துவிட்டது.

ஜவ்வாது மலையின் அந்தக் காப்புக்காட்டில் கோழிகள் பிழைத்துத் தங்குகின்றனவா என்று மேலிடத்துக்குச் சந்தேகம். வளையம் போட்ட ஒன்றையாவது கோடை கழிந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை நின்றுவிடும். மழை விழுந்ததும் மறுபடி வலை கட்டினோம். சிக்கியதெல்லாம் வெறுங்கால் கோழி. மேடம் என்னைவிட வயதில் சின்னவர், எதற்கும் கலங்காதவர், அன்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். “எல்லாத்தையும் அடிச்சுத் தின்னுட்டாங்க போலண்ணா” என்றார்.

மறுநாள் காலை மலைக்காரப் பெண் ஒருவர், துணியால் மூடிய கூடையோடு ஆபீசுக்கு வந்தார். வரும்போதே சண்டைக்குரல்.

“இன்னா மேடம், கோழி வளக்கிறவங்க அடைச்சு வளக்க மாட்டீங்களா? எங்க சாமைக் கொல்லயவே கிளறிட்டுது. வேலி வலையில மாட்டிக்கிச்சு, கொண்டாந்துட்டேன்.”

மேடம் துணியை விலக்கினார். காலில் எங்கள் வளையம்! அவர் கண் நிறைந்துவிட்டதால் எண்ணை நான்தான் படித்தேன். சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் ஜீப் ஹாரனை அடித்தேன்.

“காட்டுக்கோழின்னு தெரியலையாக்கா?” என்று கேட்டார் மேடம்.

“தெரியாம இன்னா? நீங்க அடையாளம் போட்டுட்டீங்க இல்ல, அப்புறம் அது உங்க வூட்டுக் கோழிதானே? இன்னும் நாலஞ்சு எங்க புளியமரத்துலதான் அடையுது. அடுத்தவங்க வூட்டுக் கோழிய யாராச்சும் அடிச்சுத் தின்னுவாங்களா?”

அந்த ஊர்களில் மேய விடும் கோழிக்குக் காலில் துணிக்கீற்று கட்டுவார்கள். நீலம் ஒரு வீடு, சிவப்பு ஒரு வீடு. கட்டியதை வேறு யாரும் தொடமாட்டார்கள். எங்கள் வளையத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மேடமும் அதையே ஏற்றுக்கொண்டார். “தப்புதாங்கக்கா, இனிமே பாத்துக்கறேன்” என்று கோழிக்காரியாகவே தலைகுனிந்து நின்றார். வேலையும் நிற்கவில்லை.

இப்போது மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். நான் திருப்பத்தூரில் வேன் ஓட்டுகிறேன். போன வாரம் மலையேறும்போது ஒரு பெட்டைக் காட்டுக்கோழி குஞ்சுகளோடு சாலையைக் கடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரர் பதறினார்.

“பாத்துங்க, மேடம் வூட்டுக் கோழி!”

“கால்ல வளையமே இல்லியேங்க?”

“அதோட அம்மாவுக்கு இருந்துச்சுங்க” என்றார்.