தனுஷ்கோடியில் அய்யா தோண்டிய ஊற்று

2013 மாசிக் கடைசியில் தனுஷ்கோடி போய்விட்டு வந்தேன். எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இரண்டு வாரம் ஓடிவிட்டது. மணல், இடிந்த தேவாலயம், இரண்டு கடல் என்று மட்டும் எழுதி முடித்திருக்கலாம். அப்படிப்பட்ட பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். ஆனால் அங்கே நான் பார்த்து அதிர்ந்துபோன விஷயம் அவற்றில் எதிலும் இல்லை. அதை எழுதினால் அய்யாவைப் பற்றியும் எழுத வேண்டிவரும் (அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்). நேற்று அவரிடமே கேட்டேன். "நடந்தத எழுது தாயி. இன்னும் நாலு பேரு போற எடம்தானே" என்றார்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். நெல்லும் மிளகாயும்தான் வாழ்க்கை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். இருந்தும் அய்யா இந்த வயதுக்குள் கடலைப் பார்த்தது நாலைந்து தடவைதான், அதுவும் திதி கொடுக்கப் போனபோது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. அறுப்பு முடிந்து அய்யா சும்மா இருந்தார். என்னைத் தனியாக அனுப்பவும் அவருக்கு மனமில்லை. "நானும் வாரேன்" என்று ஐந்து லிட்டர் கேனில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். தனி ஜீப் வேண்டாம், பஸ்ஸும் பங்கு வேனும் போதும், தண்ணீர் பாட்டில் வாங்கி மணலில் போட்டுவிட்டு வரக்கூடாது என்பது நான் போட்ட கட்டுப்பாடு. அய்யாவுக்கு அது கட்டுப்பாடாகவே தெரியவில்லை. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதே அவருக்கு விநோதம்.

காலை ஐந்தரைக்கு ஊரில் பஸ் ஏறினோம். ராமநாதபுரத்தில் மாறி, பாம்பன் பாலம் தாண்டி, ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒன்பதரை ஆகியிருந்தது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து ரூபாய் டிக்கெட். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போய் மூன்றாம் சத்திரம் பக்கம் தார் ரோடு சட்டென்று தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் மணல்தான். அங்கே நிற்கும் பழைய வேன்களில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார்கள். வேன் நிறைந்தால்தான் கிளம்பும். எங்களோடு சேலத்திலிருந்து ஒரு குடும்பம், மதுரைப் பக்கத்துப் பெண்கள் சிலர், இன்னும் சிலர். பத்தே முக்காலுக்குக் கிளம்பினோம்.

பாதை என்று எதுவும் கிடையாது. முந்தின வண்டியின் சக்கரத் தடத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள். சில இடங்களில் கடல்நீர் தேங்கிக் கிடக்கிறது, வேன் அதற்குள்ளேயே இறங்கிப் போகிறது. இடது பக்கம் சத்தமே இல்லாத கடல், வலது பக்கம் ஓயாமல் அறைகிற கடல். முதலாவதைப் பெண் கடல் என்றும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் சொன்னார் டிரைவர். "வீட்ல நெலமை தலகீழால்ல இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு மதுரைக்கார அம்மா சொல்ல, வேனே சிரித்தது.

தேங்கிய நீரில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள் நின்றிருந்தன. எங்கள் கண்மாய்க்கு வரும் நாரையும் கொக்கும் பார்த்து வளர்ந்தவள்தான், இந்த ரோஜா நிறத்தைப் பார்த்ததில்லை. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராதவள் நான். அய்யாவின் முழங்கையை இடித்தேன்.

"ஏலே தம்பி, ஒரு நிமிசம் நிப்பாட்டு. புள்ள பறவை பாக்கணும்ங்குது."

"இங்கன நிப்பாட்டுனா சக்கரம் பொதைஞ்சுரும்ணே. அப்புறம் நீங்கதான் எறங்கித் தள்ளணும்."

"நெல்லு மூடை தள்ளுறவன்டா நான். நிப்பாட்டு."

நிறுத்தினார். சக்கரம் புதையவில்லை. வீட்டுக்கு வெளியே எனக்காகப் பேசுவது எப்போதும் அய்யாதான். இது பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பழைய தனுஷ்கோடியில் ஒரு மணி நேரம் விடுகிறார்கள். பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள். தேவாலயத்துக்குக் கூரை இல்லை. படங்களில் பார்த்ததுதான், ஆனால் அந்தச் சுவர்களைச் சுற்றிக் கிடந்த காலி பாட்டில்களைப் படங்களில் யாரும் காட்டவில்லை. காற்று அவற்றை உருட்டிக்கொண்டே இருந்தது. அதைவிட அதிர்ச்சி, அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. ஓலைக் குடிசைகள், வலைகள், காயும் மீன்கள். புயலில் அழிந்த ஊர் என்று படித்துவிட்டு வந்தவளுக்கு எதிரே ஒரு குடிசையிலிருந்து குழம்பு வாசனை வந்தது.

அந்தக் குடிசைக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சின்னக் குழி, முழங்கை ஆழம்தான் இருக்கும். அதன் அடியில் ஊறுகிற நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மெதுவாக மொண்டு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடல் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கண்முன்னே கிடக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்து ஒரு சிரட்டைத் தண்ணீரை நீட்டினார். குடித்தேன். இனித்தது. நம்ப முடியாமல் கடலையும் சிரட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன தாயி, சிரட்டையில மொண்டா குடம் என்னைக்கு நெறையிறது?" என்றார் அய்யா.

"நெறையிறப்ப நெறையட்டும். எங்களுக்கு எந்த வேனைப் புடிக்கணும்?"

உள்ளே குழந்தை அழுதது. மருமகளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள் ஆகிறதாம். மகன் கடலுக்குப் போயிருக்கிறாராம். அந்த அம்மா எழுந்து, "இந்தா வாரேன். நாய் வந்து வாய வச்சிராமப் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குடம் பாதி நிறைந்திருந்தது.

அய்யா காவலுக்கு உட்கார்ந்தார். நான் பவளக்கல் சுவரைத் தொட்டுப் பார்க்கப் போனேன். கால் மணி நேரம் இருக்கலாம். திரும்பி வந்தபோது அய்யா மணலில் குப்புறப் படுத்திருந்தார். வலது கை தோள்வரை குழிக்குள் இருந்தது. பக்கத்தில் ஈர மணல் குவியல்.

கோடையில் எங்கள் கண்மாய் வற்றினால் அதற்குள் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுப்போம். சுரப்பு குறைந்தால் இன்னும் ஒரு முழம் ஆழமாக்குவோம். ஆழமாக்க ஆழமாக்க நல்ல தண்ணீர். விவசாயம் பார்க்கும் எங்கள் பக்கத்துச் சம்சாரி யாரை அந்தக் குழி முன்னால் உட்காரவைத்தாலும் இதைத்தான் செய்திருப்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு கை உதவி. அவ்வளவுதான் அவர் நினைத்தது.

"பாத்தியா தாயி, ஊத்து எப்பிடி அடிக்குதுன்னு!" முகமெல்லாம் சிரிப்பு. குழியில் தண்ணீர் குபுகுபுவென்று ஏறி நின்றது. குடத்தையும் விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தார்.

அந்த அம்மா வெளியே வந்தார். நிறைந்த குடத்தைப் பார்த்தார். மணல் குவியலைப் பார்த்தார். குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"அடப்பாவி மனுசா!"

அந்தச் சத்தத்தில் உள்ளே குழந்தை மறுபடி அழுதது.

"காவலுக்குத்தானே ஒக்காரச் சொன்னேன்? ஒன்னைத் தோண்டச் சொன்னேனா? முழங்கைக்குக் கீழ போனா உப்பு ஏறி வந்துருமே! குடத்துல இருந்த நல்ல தண்ணியிலயும் ஊத்திக் கெடுத்து வச்சிருக்கியே!"

அய்யா குழித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். நானும் தொட்டுப் பார்த்தேன். சற்றுமுன் இனித்த அதே குழி, உப்பாகக் கரித்தது. கால் மணி நேரத்தில் ஒரு ஊற்று செத்துப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"எங்கூர்ல தோண்டத் தோண்ட நல்ல தண்ணி வரும் தாயி..." என்றார் அய்யா.

"ஒங்கூரு கம்மாய்க்கு அடியில கடலா கெடக்கு?"

வேறு ஊற்று இல்லையா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. "இருக்கு. ஒண்ணொண்ணும் ஒரு வீட்டுக்கு. மாசியில அவுகளுக்கே காணாது. தள்ளிப் புதுசா ஒண்ணு போட்டாலும் கலங்கல் தெளிய நாளைக்கு ஆயிரும். இன்னைக்குப் பச்ச உடம்புக்காரிக்கு நான் எதைக் காய்ச்சிக் குடுப்பேன்?"

அய்யா எங்கள் கேனை நீட்டினார். அதில் பாதிகூட இல்லை. அதற்குள் வேன் ஹாரன் அடித்தது. அய்யா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. ஆயுசில் ஒரு நாளும் பேச்சு வராமல் நின்று நான் அவரைப் பார்த்ததில்லை. ஈர மணல் ஒட்டிய கைகளை வேட்டியில் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

வேனுக்கு ஓடினேன். படிக்கட்டில் சேலத்துக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புது பாட்டிலைத் திறந்து, விரலிடுக்கில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் மணலில் விழுந்த மாத்திரத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"கொட்டாதீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கய்யா தெரியாமல் ஊற்றைக் கெடுத்துவிட்டார், அந்த வீட்டில் எட்டு நாள் குழந்தை இருக்கிறது, இருக்கிற தண்ணீரைக் கொடுங்கள் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் பின்னால் அந்த மதுரைக்கார அம்மா, "கேக்கலத்தா, சத்தமாச் சொல்லு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது.

"நாங்க காசு குடுத்து வாங்குனதுங்க. திரும்பறப்ப பசங்க கேட்டா என்ன பண்றது?" என்றார் சேலத்துக்காரர்.

அவர் மனைவி பாட்டிலைக் கையிலிருந்து பிடுங்கினார். "காலக் கழுவுறப்ப பசங்க ஞாபகம் வரலையா? ஒரு மணி நேரத்துல ஊருக்குள்ள போயிடுவோம். இந்தாம்மா."

அதற்கப்புறம் பாட்டில்கள் வந்தன. முழுசு, அரை, அடியில் கொஞ்சம். இரண்டு பேர் கொடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்தார். "நம்புத்தாயக்கா வீடுதான? ரேடியேட்டருக்கு வச்சிருந்தேன், நல்ல தண்ணிதான். வண்டி சூடேறி நின்னா எல்லாரும் எறங்கித் தள்ளுங்க."

உப்புத் தண்ணீரைக் கொட்டி, குடத்தை அலசி, எல்லாவற்றையும் ஊற்றினோம். கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை வந்தது. நம்புத்தாய் அம்மா நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அய்யாவிடம், "குழிய மூடிட்டுப் போங்கண்ணே. ஈர மண்ணு வேணாம், உப்பு ஏறியிருக்கும். காஞ்ச மணலாப் போடுங்க" என்றார். மறுபடி 'அண்ணே' வந்திருந்தது. அய்யா முழங்காலிட்டு இரண்டு கையாலும் மணலை வாரிப் போட்டு மூடினார். அந்த நேரம் முழுக்க டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

அரிச்சல்முனை வரை போனோம். கடல் இரண்டும் சேரும் இடம் அழகுதான். எனக்கு ஒன்றும் பதியவில்லை. அய்யாவின் கையில் தண்ணீர் காய்ந்து முழங்கைக்கு மேலே தோள்வரை வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ராமேஸ்வரம் வந்து ஹோட்டலில் தண்ணீர் வைத்தபோதுகூட நெடுநேரம் டம்ளரைத் தொடவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பங்கு வேனிலேயே போங்கள், மணலில் தடங்கள் குறையும். காலையில் போய்விடுவது நல்லது, ஐந்து மணிக்கு மேல் திரும்ப வண்டி கிடைக்காது. நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, தொப்பியும் பழைய செருப்பும் தேவை. பவளக்கல்லை எடுக்காதீர்கள், விற்றாலும் வாங்காதீர்கள். காலி பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எங்கள் வேனில் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தோம், பெரிய சுமை ஒன்றுமில்லை. மணலில் ஒரு குழியும் பக்கத்தில் ஒரு சிரட்டையும் பார்த்தால் அது ஒரு வீட்டின் சமையலறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கை வைக்காதீர்கள், கால் கழுவாதீர்கள், உதவி செய்யத் தோன்றினால் முதலில் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதற்கு மேல் ஆளுக்கு இரண்டு லிட்டர் அதிகமாகக் கொண்டுபோங்கள். தேவைப்படாவிட்டால் வரும்போது அங்கே ஒரு வீட்டில் கொடுத்துவிடலாம்.

நேற்றுச் சாயங்காலம் டிரைவருக்குப் போன் செய்தேன். அன்று வாங்கிய நம்பரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். ஊற்று என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தள்ளிப் புதுசாப் போட்டாச்சு தங்கச்சி, நல்ல தண்ணிதான். புள்ளைக்குப் பேரு வைக்கப் போறாக. ஒங்கய்யாவ வரச் சொன்னுச்சு நம்புத்தாயக்கா. ஆனா கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டுத்தான் வரணுமாம்."

அய்யாவிடம் அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த வேன்ல எத்தன குடம் ஏத்த விடுவாங்க? கேட்டுச் சொல்லு" என்றார்.