ஒருத்தி மட்டும் மிஞ்சிய விடுதி

கல்லூரிப் பெண்கள் விடுதியின் வார்டனுக்கு மாணவிகள் வைத்த பெயர் சாவிக்கொத்து. மூன்று மாடி, எழுபத்திரண்டு அறை, அத்தனைக்கும் மாற்றுச் சாவி அவள் இடுப்பில் தொங்கும். சத்தம் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவாள். "சாவிக்கொத்து வருதுடி" என்ற கிசுகிசுப்பு அவள் காதிலும் விழும். விழாத மாதிரி நடந்துபோவாள். உள்ளூர அவளுக்கு அது பிடித்திருந்தது. பட்டப்பெயர் வைக்கவாவது நாலு பேர் சுற்றிலும் இருக்க வேண்டுமே.

கல்யாணமான நாலாம் வருஷமே கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தை இல்லை. தம்பி வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாள். தம்பி மனைவி முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தங்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு என்றதும் விடுதி வேலைக்கு ஒத்துக்கொண்டு ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இருநூறு பெண்களின் காய்ச்சல், காதல், குளியலறைச் சண்டை, பரீட்சைப் பயம் எல்லாவற்றுக்கும் நடுவில் தான் தனி ஆள் என்பதை நினைக்க அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை.

பிறகு கூட்டம் வடிய ஆரம்பித்தது. ஊரில் பிள்ளைகளே குறைச்சல் என்றார்கள். இருப்பவர்களும் அரசுக் கல்லூரிக்குப் போனார்கள், அல்லது எங்குமே போகாமல் வேலைக்குப் போனார்கள். ஆள் குறைந்ததை ஈடுகட்ட நிர்வாகம் கட்டணத்தை ஏற்றியது. ஏற்றியதும் இன்னும் கொஞ்சம் பேர் கழன்றுகொண்டார்கள். முதலில் மூன்றாம் மாடியைப் பூட்டினார்கள். அடுத்த வருஷம் இரண்டாம் மாடி. பூட்டிய மாடிகளுக்கு அவள் வாரம் ஒருமுறை ஏறிப்போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிடுவாள். திறக்காவிட்டால் குழாய் துருப்பிடித்து நாற்றம் கிளம்பும். செம்மண் நிறத்தில் வரும் தண்ணீர் தெளியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். சுருட்டிக் கட்டிய மெத்தைகள் அறைக்கு மூன்றாகக் கிடக்கும். ஈ காக்கை இருக்காது.

போன வருஷம் பதினோரு பேர். இந்த வருஷத் தொடக்கத்தில் நாலு பேர். மூன்று பேர் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கிளம்பிப் போக, கடைசியில் எட்டாம் அறைப் பெண் ஒருத்திதான் மிஞ்சினாள். சமையல்காரம்மாவை நிறுத்திவிட்டார்கள். சமையலும் வார்டன் தலையில் விழுந்தது. கல்லூரிச் செயலாளர் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார். விளம்பரத்தில் 'விடுதி வசதி உண்டு' என்று போடுவதற்காகவாவது ஒருத்தி இருக்க வேண்டும். அவளும் போய்விட்டால் கட்டடத்தைப் பூட்டிவிடுவோம், நீங்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. டீ கூடக் கொடுத்தார்.

எட்டாம் அறைப் பெண் கலகலப்பானவள் அல்ல. இருநூறு பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, காதில் பாட்டுக் கேட்கும் கருவியைச் செருகிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள். வார்டன் எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "ம்", "இல்ல மேடம்", "பரவால்ல மேடம்." அதோடு சரி. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே பெண்ணுக்கும் தன்னோடு பேசப் பிடிக்கவில்லையே என்று வார்டனுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வார்டன் பினாயிலும் சோப்பும் வாங்கப் பெரிய கடைக்குப் போனாள். பில் போடும் இடத்தில் வரிசையில் நின்று, தன் முறை வந்து நிமிர்ந்தால், எதிரில் கடைச் சீருடையில் எட்டாம் அறைப் பெண். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கை மட்டும் நிற்காமல் சோப்பை எடுத்து இயந்திரத்தில் காட்டியது.

"பை வேணுமா மேடம்?"

"வேணாம். கையிலயே கொண்டுபோயிடுறேன்."

பின்னால் நின்றவர் அவசரப்பட்டார். வார்டன் நகர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அந்தப் பெண் காதுக் கருவி இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். "ஆபீஸ்ல எப்ப சொல்லப் போறீங்க?" என்றாள். வார்டன் தட்டை எடுத்து வைப்பதற்குள் அவளே கொட்டித் தீர்த்தாள். மூன்றாம் வருஷக் கட்டணம் ஒரேயடியாக ஏறிவிட்டது. அப்பா கட்டுகிறேன் என்றுதான் சொன்னார். எதை விற்றுக் கட்டுவார் என்பது இவளுக்குத் தெரியும். அதனால் கட்டணச் சலுகை கிடைத்துவிட்டது என்று வீட்டில் ஒரு பொய். கட்டணம் கட்டாததால் இரண்டு மாதத்துக்கு முன்பே வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அலுவலகத்தில் பாதிப் பேரை அனுப்பிவிட்டதால் விடுதிக்குத் தகவல் சொல்ல ஆளில்லை. கடைச் சம்பளத்தில் விடுதிக் கட்டணத்தை மட்டும் கட்டி வருகிறாள்.

"சாப்பிடு, ஆறிடப் போகுது" என்றாள் வார்டன்.

காதும் காதும் வைத்த மாதிரி ஐந்து வாரம் போனது. மறைக்க ஒன்றும் இல்லாததால் அந்தப் பெண் பேச ஆரம்பித்திருந்தாள். ஒரே ஒரு ஊசியை வாங்கிவிட்டு நாலு பை கேட்ட பெரியவரைப் பற்றிச் சொல்வாள். வார்டன் வயிறு வலிக்கச் சிரிப்பாள். மதியத்திலிருந்தே சாயங்காலத்துக்காகக் காத்திருப்பாள். தான் வாய் திறக்காதது முழுக்க இரக்கம் அல்ல என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதைப் பற்றி நினைப்பதைத் தள்ளிப்போட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அப்பா விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். பெண் நன்றாகப் படிக்கிறாளா என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தச் சலுகை குடுத்தவங்க யாருன்னு சொன்னீங்கன்னா, நேர்ல வந்து ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போயிடுவேன்."

நல்லா இருக்கா என்று மட்டும் சொல்லி வார்டன் வைத்துவிட்டாள்.

மறுநாள் யாருக்காக என்று சொல்லாமல் அலுவலகத்தில் விசாரித்தாள். பெயரை அடித்த பிறகு சேர்ப்பதானால் முழுத் தொகையும் அபராதமும் கட்ட வேண்டுமாம். கட்டினாலும் அந்தப் பெண்ணின் பாடப்பிரிவையே அடுத்த வருஷம் மூடப் போகிறார்களாம். திரும்பி வந்து எட்டாம் அறைக் கதவைத் தட்டினாள்.

"உனக்காகத்தான் பேசாம இருக்கேன்னு நெனச்சியா? பாதி எனக்காக. நீ போயிட்டா இதப் பூட்டிடுவாங்க. அதுக்காக உன்னப் பிடிச்சு வெச்சிருந்தேன். அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடும்மா."

"தெரியும் மேடம்" என்றாள் அந்தப் பெண். எது தெரியும் என்று வார்டன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். சட்டைக் கையில் வெள்ளைச் சுண்ணாம்புத் துளிகள். பார்வையாளர் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சத்தம் போடுவார், அழுவார் என்று வார்டன் எதிர்பார்த்தாள். அவர் அண்ணாந்து பார்த்து, "மேல தண்ணி இறங்குது, கவனிக்கச் சொல்லுங்க" என்றார். அப்புறம் எழுந்து பெட்டியை ஒரு கையிலும் வாளியை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று வார்டனிடம் சொன்னார்: "அவ பொய் சொன்னதுக்குக் காரணம் நான்தாங்க. கட்டிடுவேன் கட்டிடுவேன்னு அவகிட்ட வீராப்பாப் பேசிட்டேன்."

அந்தப் பெண் ஊரிலேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, தபால் வழியில் படிப்பை முடிக்கப் பணம் கட்டியிருப்பதாக ஒருமுறை செய்தி அனுப்பினாள். அப்புறம் எதுவும் அனுப்பவில்லை.

சொன்னபடியே கட்டடத்தைப் பூட்ட முடிவு செய்தார்கள். காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். கட்டில்களை ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டது. வேறொரு பக்கம், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் வீடு ஒன்றில் மேற்பார்வைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வார்டன் பேசி வைத்திருந்தாள். கடைசி நாள் சாவிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள யாராவது வருவார்கள் என்று மதியம்வரை காத்திருந்தாள். காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். அதில் மாணவிகளின் வீட்டு எண்கள் எல்லாம் அறை எண்ணோடு இருந்தன. எட்டாம் அறை அப்பா. பதினேழாம் அறை அண்ணன். அறுபதாம் அறை அம்மா. ஏன் என்று தெரியாமல் நாற்பத்தொன்றாம் அறை அப்பாவை அழுத்தினாள். ஒரு முதிர்ந்த குரல் எடுத்தது. விடுதியிலிருந்து பேசுகிறேன் என்றாள்.

குரல் பதறியது. "பொண்ணு முடிச்சிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சேம்மா. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க. எப்படி இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அவர் நம்பவில்லை. நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே பாக்கி எதுவும் இல்லையே என்று இன்னொரு முறை கேட்டார். இல்லை என்றாள். பேருந்து வந்தது. வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.