சூசையின் உதடு சிவக்கவில்லை

பிள்ளை வார்டு நர்ஸ் வேலையில் நோயோடு மல்லுக்கட்டுவது கால் பங்கு, நோயே இல்லை என்று சாதிக்கிற தாய் தகப்பனோடு மல்லுக்கட்டுவது முக்கால் பங்கு. என்னைப் போல வெள்ளைச் சேலை கட்டிச் சீரழிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒரே ஒரு பிள்ளையால் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தேய்த்துப் பார்த்தேன்

சூசைக்கு அப்போது ஐந்து வயது. கடலில் சங்கு குளிக்கிற மிக்கேலின் மகன். அம்மா லூர்தம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். உதடும் நகமும் கருநீலம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன்! அழுத்தி வேறு துடைத்தேன். பிள்ளை அழ அழ நீலம் கூடியது. நர்ஸ் படிப்பு படித்த லட்சணம் இது.

லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க மாமியாரும் இப்படித்தான் துடைச்சுப் பாத்தாவ சிஸ்டர். நாவப்பழத்தத் தின்னுட்டுப் பொய் சொல்லுதான்னு அடிக்கவும் செஞ்சாவ. இது நாவப்பழம் பழுக்குற மாசமே இல்லைல்லா?"

நாலு எட்டு ஓட்டம்

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பிறவியிலேயே இதயத்துக்குள் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் ஒடுக்கம். அதனால் காற்றுப் படாத ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் ஓடுகிறது, அதுதான் இந்த நீலம். மருந்துக்கு அடங்காது, மெட்ராஸில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பான், தள்ளிப்போட்டால் ஒரு நாள் மூச்சு முட்டிப் போய்விடுவான் என்று உடைத்தே சொல்லிவிட்டார்.

சூசை நாலு எட்டு ஓடினால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவானாம். சோம்பேறிப் பயல் என்று மிக்கேல் அதற்கும் அடித்திருக்கிறார். அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும், யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிக்கேல் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "சங்கு குளிக்கிறவன் பிள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னா ஊரு சிரிக்காதா ஐயா?"

வாளித் தண்ணீர்

பத்து நாள்கூட ஆகவில்லை. காலையிலேயே மிக்கேல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். தலை நனைந்திருந்தது, நினைவில்லை. முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, ஆக்சிஜன் வைத்து, ஒருவழியாகக் கண் திறக்க வைத்தோம். தலை எப்படி நனைந்தது என்று கேட்டேன். தினமும் வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கி, எண்ணிக்கை சொல்லி, மூச்சுப் பிடிக்கப் பழக்கினாராம்!

"நீரு மனுசன்தானாவே?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடலுக்குள்ள இருந்து மேல வரும்போது எனக்கும் ஒதடு நீலமாத்தான் இருக்கும் சிஸ்டர். ரெண்டு மூச்சு இழுத்தா செவந்துரும். இவனுக்கு மட்டும் ஏன் செவக்க மாட்டேங்கு?"

கயிறு பிடிக்கிறவன்

டாக்டர் எழுதிப் போட்டதற்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. படுக்கை தருகிறோம், சம்மதக் கையெழுத்தோடு பிள்ளையை உடனே அனுப்புங்கள் என்று. நான் குதிக்காத குறை. மிக்கேலோ பேனாவைத் தொடவில்லை. லூர்தம்மாவின் அண்ணன் வரட்டும் என்றார். அந்த அண்ணனோ மாலத்தீவுக்குத் தோணியில் போயிருக்கிறார், திரும்ப ஒன்றரை மாசம் ஆகும். பெற்ற தகப்பன் கையெழுத்துப் போதும் என்று கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரை விட்டும் பேச வைத்தேன். அசைந்தால்தானே!

விஷயம் என்னவென்றால், அந்தச் சங்கு குளிக்கிறவர்கள் முத்துக் குளித்த நாளிலிருந்தே, கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். "தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுன்னு மச்சான் கயித்த விடமாட்டான் சிஸ்டர். என் பிள்ளைய ஆழத்துல எறக்கணும்னா அவன்தான் பிடிக்கணும்" என்றார் மிக்கேல்.

சனிக்கிழமை

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை காலை. தூங்கி எழுந்து, பாலுக்கு அழுதிருக்கிறான். அவ்வளவுதான். அழுகை நிற்பதற்குள் உடம்பு முழுக்க நீலம். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மூச்சு இருந்தது. முழங்காலை மடக்கிப் பிடித்தேன். ஆக்சிஜன் வைத்தேன். டாக்டர் ஊசி போட்டார். என் கைக்குள்ளேயே போய்விட்டான். வாரம் தவறாமல் அந்த வீட்டு வாசலில் போய் நின்று கத்தாமல் விட்டேனே என்று என்னை நானே அடித்துக்கொள்ளத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஆள் வார்டுக்குள் ஓடி வந்தார். உப்புக் காற்றில் கறுத்த முகம், தோளில் பை. தோணி கரையைத் தொட்டதும், மெட்ராஸ் கடிதம் வந்த நாளில் அவருக்கென்று எழுதிவைத்த பழைய சேதியை யாரோ கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்துவிட்டார். வியாழக்கிழமை நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார்.

"நாந்தான் சூசைக்கு மாமன். எங்கன கையெழுத்துப் போடணும், காட்டுங்க சிஸ்டர். சாயங்கால ரயிலுக்கே பிள்ளைய அனுப்பிருவோம்."

ஆஸ்பத்திரியில் எல்லாக் காரியத்துக்கும் ஒரு கையெழுத்து வேண்டும், யாரையும் கேட்காமல் நடந்துவிடுகிற காரியம் சாவு ஒன்றுதான்.