மூன்று விரலால் எடுத்த சோறு

என் மகள் இப்போதெல்லாம் பிறந்தநாள் என்றால் ஜப்பான் ஹோட்டலுக்குப் போகலாம் என்கிறாள். ராமென், சுஷி என்று வாய் நிறையச் சொல்கிறாள். "நீ போயிட்டு வாம்மா, எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்று சொல்லிவிடுவேன். பச்சை மீனுக்குப் பயந்து அம்மா முகம் சுளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். இவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சேலையூரில் உட்கார்ந்து அதையெல்லாம் சாப்பிட்டவள் நான். தொண்டையில் இன்னும் நிற்கிறது.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். மாமனார் காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகப் போய்விட்டது. வீடு நிற்கிற துண்டு மட்டும்தான் எங்களுக்கு மிச்சம். அதனால் என் கணவருடைய ஃபேக்டரி வேலையை விட்டால் வேறு கதி இல்லை. ஜப்பான்காரர்கள் கூட்டு சேர்ந்து நடத்திய, கார் பாகங்கள் செய்கிற கம்பெனி. அவருக்கு பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து டமால் என்று இறங்கி வடிவம் குத்தும். ஒரு நாள் தகட்டோடு சேர்த்து அவருடைய வலது கையிலும் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. கட்டை விரலும் கடைசி இரண்டு விரலும் தப்பின.

கட்டு இருந்தவரை நான்தான் ஊட்டிவிட்டேன். கட்டைப் பிரித்த அன்றே என் கையைத் தட்டிவிட்டார். "சரி, ஸ்பூன் வெச்சிக்கிட்டு இடது கையால சாப்பிடுங்க. நம்ம வீட்டுக்குள்ள யார் பாக்கப் போறாங்க?" என்றேன். தட்டு சுவரோரம் போய் விழுந்தது.

"கழுவுற கையால என்னைத் திங்கச் சொல்றியா? நான் இன்னும் செத்துப் போவலடி."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. அவர் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மீதி மூன்று விரலுக்கும் சோறு எடுக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் வாய்க்குப் போனதைவிட லுங்கியில் விழுந்ததுதான் அதிகம். எரிச்சலில் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வார். விழுந்ததைப் பொறுக்கித் தின்பார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் ரசம் சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த மூன்று விரலுக்கும் இரும்பு மாதிரி பிடி வந்துவிட்டது.

கைதான் தேறியது, மனுஷன் தேறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரும்பு கேட்டை டமால் என்று சாத்தினால் போதும், இவர் கையை வெடுக்கென்று இழுத்து மார்போடு வைத்துக்கொள்வார். நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். கை நடுங்குவது அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

இந்த நிலைமையில் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் வீட்டுக்கு வந்தார். நம்ம ஊர்க்காரர்தான், நல்ல மாதிரி. காபி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"எங்க ஜப்பான் மேனேஜருக்கு ஒரு பழக்கம் மேடம். அடிபட்டவங்க வேலைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி, வைஃபோட கூட்டிட்டுப் போய் ஒரு வேளை டின்னர் குடுப்பாரு. மரியாதைக்குத்தான். ஆனா அப்படியே கையையும் பாத்துப்பாரு. எங்க போடறதுன்னு அங்கயே சொல்லிடுவாரு. செக்கிங் செக்‌ஷன்ல ஒரு இடம் இருக்கு, உக்காந்து பாக்கற வேலை. முடியலன்னு தெரிஞ்சா அங்க போடுவாரு. முடியும்னா பழையபடி பிரஸ்தான்."

அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. "ஜப்பான்காரன் ஓட்டலா? கேம்ப் ரோட்டாண்ட கீதே, அதான? குந்து சார்" என்று ஆட்டோக்காரருக்கே தெரிந்திருந்தது. ஆட்டோ சத்தத்தில் என் கணவர் காதோடு சொன்னேன். "என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கையால எதையும் தொடாதீங்க. இடது கையால ஸ்பூன்ல சாப்பிடுங்க. இல்லன்னா எடுத்து எடுத்துக் கீழ போடுங்க. அவன் பாக்கட்டும்."

"பெரிய மனுஷன் கூப்பிட்டு சோறு போடறான். அவன் முன்னாடி உக்காந்து நொண்டிக் கூத்து ஆடச் சொல்றியா?"

"ஆமா, ஆடுங்க. மறுபடி அந்த மெஷின் முன்னாடி நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹோட்டல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் மாடியை, இங்கே வேலைக்கு வந்த ஜப்பான்காரர்களுக்காக மாற்றியிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும், அது ஒன்றுதான் எனக்குப் பழகியது. மேனேஜர் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். வயதானவர், சாந்தமான முகம். ஆபீசர் நடுவில் உட்கார்ந்து அவருடைய இங்கிலீஷை எங்களுக்குத் தமிழில் சொன்னார். முதலில் சூடாக ஈரத் துண்டு ஒன்று கொடுத்தார்கள். என் கணவர் அதை வாங்கி வலது கையின்மேல் போட்டு மூடிக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பெரிய கிண்ணத்தில் நூடுல்ஸ் வந்தது, என் மகள் சொல்கிற ராமென். கோழிச் சாற்றில் மிதந்தது, மேலே பாதியாய் வெட்டிய முட்டை. மேனேஜர் குச்சியால் அள்ளி உறிஞ்சினார் பாருங்கள், எங்கள் வீட்டில் பாயசத்தைக்கூட யாரும் அவ்வளவு சத்தமாகக் குடித்ததில்லை. சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் குச்சியோடு மல்லுக்கட்டி, சட்டையெல்லாம் தெறித்துக்கொண்டார். எனக்கு முள்கரண்டி கொடுத்தார்கள். என் கணவர் எதையும் தொடவில்லை. கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. அப்படியே இருங்கள் சாமி என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

மேனேஜர் அதைக் கவனித்தார். ஏதோ சொல்லி அனுப்ப, மரப் பலகையில் இன்னொன்று வந்தது, அதுதான் சுஷி. விரல் நீளத்துக்குச் சோற்றை அழுத்திப் பிடித்து, மேலே மீன் துண்டு, இறால், முட்டை என்று வைத்திருந்தார்கள். "இதைக் கையாலயே சாப்பிடலாமாம். அவங்க ஊர்லயும் அப்படித்தானாம்" என்றார் ஆபீசர். மேனேஜர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தானே ஒன்றைக் கையால் எடுத்து வாயில் போட்டுக் காட்டினார். குச்சி தெரியாத விருந்தாளி கூச்சப்படக் கூடாதே என்று செய்ததுதான். அந்த நல்ல எண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சோறு. கையால் எடுக்கிற சோறு. எதிரில் விருந்து போட்டவர் காத்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் ஈரத் துண்டை விலக்கினார். மேஜைக்கடியில் அவர் காலை அழுத்தி மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டார். இடது கை தொடையைவிட்டு அசையவே இல்லை. வலது கைதான் மேலே வந்தது. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் அந்தச் சோற்றுக் கட்டியைப் பிடித்து, பூவை எடுப்பது மாதிரி எடுத்தார். உடையவில்லை. ஒரு பருக்கை விழவில்லை. மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று எடுத்தார். பிறகு அந்த ஆறிப்போன கிண்ணத்தையும் அதே கையால் தூக்கிக் குடித்தார். இலையில் மிச்சம் வைக்காத குடும்பம் அவருடையது. அன்றைக்கும் மிச்சம் வைக்கவில்லை.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். ஆபீசர் என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார். "இப்படி ஒரு வைராக்கியத்த அவர் பாத்ததே இல்லையாம். இவர ஓரமா உக்கார வெக்கறது இவருக்கு அவமரியாதைன்றாரு. திங்கக்கிழமையே இவரோட சொந்த மெஷினுக்கு..."

"சார்!" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "வேணாம் சார். கேட் சாத்தற சத்தத்துக்கே இவருக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது சார். அவருகிட்ட சொல்லுங்க."

ஆபீசர் என் கணவரைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று சிரித்தார் இவர். "அவளுக்குப் பயம். நான் பாத்துக்கறேன்."

ஆபீசர் ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் மேனேஜரிடம் ஒரே ஒரு வார்த்தை, "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னது அந்த மேஜையைத் தாண்டிப் போகவே இல்லை.

திரும்பி வரும்போது வழி முழுக்கத் திட்டினேன். "உங்க வீராப்புல தீயை வெக்க. வேற எந்த ஊர் மனுஷனா இருந்தாலும் அடிபட்ட கைய விட்டுட்டு இடது கையால தின்னுருப்பான். அந்த ஜப்பான்காரனும் இந்தக் கை உதவாதுன்னு போயிருப்பான்." பாவி மனுஷன், நடுவில் ஒரு தடவை மட்டும், "இறால் நல்லா இருந்துச்சில்ல?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை போனார். சாயங்காலம் அவர் வந்தபோது நான் கேட்காமலேயே தெரிந்துவிட்டது. வலது கை, நிற்காமல், தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை யாரும் எந்த கேட்டையும் சாத்தவில்லை. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை, லுங்கி முடிச்சைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். "நாளைக்குப் போக வேணாங்க" என்றேன். "போகாம? நானே இல்ல வாய்விட்டு முடியும்னு சொன்னேன்?" என்றார்.

சோறு போட்டு வைத்தேன். சுவரைப் பார்த்து உட்காரவில்லை, எனக்கு நேராகவே உட்கார்ந்தார். ஆடுகிற கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஸ்பூன்கூடக் கேட்கவில்லை. இடது கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்து, தலையைக் குனிந்துகொண்டு, வேகவேகமாகச் சாப்பிட்டார்.

அன்றைக்குத் தட்டைத் தூக்கி எறிந்தபோது அவர் சொன்ன வார்த்தை என் காதில் கேட்டது. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்றேன். ஊற்று என்று இடது கையாலேயே சைகை காட்டினார்.