கதவைச் சாத்திவிட்டு ஒரு சோதனை

“நம்ம வீட்ல வைஃபை எது வரைக்கும் வருது?”

கேட்டது அண்ணி. எனக்குப் பதில் தெரியாது என்பதே அப்போது எனக்குத் தெரியாது. “எல்லா இடத்துலயும்தான் வருது அண்ணி. மொட்டை மாடியில உக்காந்துகூட வீடியோ பாத்திருக்கேன்” என்றேன். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ‘சரி’ என்று அர்த்தமில்லை, ‘பார்க்கலாம்’ என்றுதான் அர்த்தம். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறான். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி, அண்ணியின் சின்ன மகள், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நான். ஓர் இடத்தில் உட்காராத பெண் என்பதால் அண்ணி என்னை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணியின் வேலை சைகை மொழிபெயர்ப்பு. காது கேளாத ஒருவர் மருத்துவரிடம் பேச வேண்டுமென்றால் வீடியோ அழைப்பில் அண்ணியையும் சேர்த்துக்கொள்வார்கள். நோயாளி விரல்களால் சொல்வதை அண்ணி வாயால் சொல்வார். மருத்துவர் வாயால் சொல்வதை விரல்களால் சொல்வார். இந்த மொழியை அவர் வகுப்பில் கற்கவில்லை. அவருடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அண்ணிக்கு வாய் பேசும் முன்பே கை பேச ஆரம்பித்துவிட்டதாம். “எங்க முதல் சண்டையே கையாலதான். அடிச்சுக்கிட்டோம்னு நினைக்காத, திட்டிக்கிட்டோம்” என்பார்.

அந்த வருஷம் அவருடைய அலுவலகம் வேறொரு நகரத்துக்கு மாறுவதாக அறிவித்தது. ரயிலில் ஓர் இரவுப் பயணம். குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டு இணையம் போதுமானது என்று ஒரு சோதனை அழைப்பில் நிரூபித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும். ஒரு நிபந்தனையும் உண்டு. நோயாளியின் விஷயம் வேறு யார் காதிலும் விழக்கூடாது என்பதால் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

அன்று மாலையே நாங்கள் களத்தில் இறங்கினோம். ஆளுக்கொரு கைபேசியில் வேகம் பார்க்கும் செயலி. கூடத்தில் அப்பா, சமையலறையில் அம்மா, அண்ணியின் அறையில் நான். “ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்று அப்பா கத்தியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினோம்.

“இருபதா? நூறுன்னு சொல்லித்தானே அந்த நெட்காரன் மாட்டிவிட்டுப் போனான்! நல்லா நம்ம தலையில மிளகாய் அரைச்சிட்டான்!” என்று அப்பா குதித்தார்.

“எனக்குப் பதினாறு!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“நான் அப்பவே சொன்னேன், ரௌட்டர மாத்துங்கன்னு” என்றேன். நான் அப்படிச் சொன்னதே கிடையாது.

அண்ணி சிரித்துக்கொண்டே வந்தார். “மாமா, மூணு பேரும் ஒரே குழாயில வாய வச்சு உறிஞ்சினா ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? ஒருத்தர் பாக்கும்போது மத்தவங்க சும்மா இருக்கணும்.”

“அட ஆமால்ல” என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். கூடத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் வந்தது. அப்பா கைதட்டினார். என்னைப் பொறுத்தவரை சோதனை அதோடு முடிந்துவிட்டது. அண்ணிக்கு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தன் அறைக்குப் போனார், வேலை பார்க்கப்போகும் நாற்காலியில் உட்கார்ந்தார், மேசைமேல் கணினி இருக்க வேண்டிய அதே இடத்தில் கைபேசியை வைத்தார். பிறகு, “வாலு, அந்தக் கதவச் சாத்து” என்றார்.

“எதுக்கு அண்ணி? தொறந்து வச்சா நல்லாத்தானே வருது?”

“தொறந்து வச்சு வேலை பாக்கப்போறதில்லையே.”

கதவைச் சாத்தியதும் எண் விழுந்தது. செயலி இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று வெளியிலிருந்து நமக்கு வரும் வேகம், மற்றது நம்மிடமிருந்து வெளியே போகும் வேகம். நாங்கள் பெரிதாக இருந்த முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். படம் பார்க்கிறவர்களுக்கு அது போதும். அண்ணியின் விரல்களோ வெளியே போக வேண்டியவை. போகும் வேகம் கதவு சாத்திய அறையில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நொண்டிக்கொண்டிருந்தது.

எண்ணை மட்டும் பார்த்து அவர் முடிவுகட்டவில்லை. தன் அண்ணனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டார். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர் அவர். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையில் வந்தார். அண்ணி விரல்களால் சில எண்களைச் சொல்ல, அவர் பார்த்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் அண்ணியின் சோதனை. முதல் எண்ணிலேயே அவர் கையை உதறி ஏதோ சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்ன சொல்றார்?”

“ஏன் உனக்கு இன்னைக்கு ஏழெட்டுக் கை இருக்குன்னு கேக்கிறான். விரல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இழுபட்டுத் தெரியுதாம்.”

சிரித்து முடித்ததும் அண்ணியின் முகம் மாறியது. சோதனை அழைப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ரௌட்டர் கூடத்தில், வாசலை ஒட்டிய பலகையில் இருக்கிறது. அண்ணியின் அறை கூடத்துக்கு அடுத்த அறைதான். இடையில் ஒரே ஒரு சுவர். பிறகு ஏன் வரவில்லை? அண்ணி கைபேசியை ஏந்திக்கொண்டு அந்தச் சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். குழந்தையும் ஒரு விளையாட்டுக் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தது. கடைசியில் அண்ணி கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவர். கடைத்தெருவில் அவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணாடி அவர் கைவேலை. இரண்டு துண்டுகள் சேரும் கோடு எங்கே என்று வருகிறவர்களிடம் கேட்பார். யாராலும் காட்ட முடியாது. அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“மாமா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கண்ணாடிதான் மறைக்குதோன்னு ஒரு சந்தேகம்.”

“கண்ணாடி மறைக்குமா? நல்ல கதையா இருக்கே! மறைக்காம இருக்கத்தான்மா கண்ணாடியே.”

“பின்னாடி பூச்சு இருக்குல்ல மாமா. வெளிச்சத்தத் திருப்பி அனுப்புற மாதிரி இதையும் அனுப்புதோ என்னவோ. எனக்குத் தெரியல. பாத்துடுவோமே?”

வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். ‘பார்த்துவிடுவோம்’ என்ற சொல்லுக்கு அவரிடம் மறுப்பு இல்லை. கடையிலிருந்து ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். சமையலறை வாசலில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அதைத் தூக்கிப் பிடித்தோம். உள்ளே அண்ணி கைபேசியோடு நின்றார்.

“ஏங்க, அடுப்புல வேலையா இருக்கும்போது என்னை உள்ள வச்சு மூடுறீங்களா?” என்று அம்மா சத்தம் போட்டார்.

“ரெண்டு நிமிஷம் பொறு. மருமக ஆராய்ச்சி பண்றா.”

“மருமக பண்ணட்டும். நீங்க ஏன் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

கண்ணாடி இருந்தபோது எண் பாதிக்கும் கீழே போனது. எடுத்ததும் ஏறியது. மறுபடி வைத்ததும் விழுந்தது. அண்ணி கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அப்பா உள்ளே போய்த் தானே பார்த்தார். வெளியே வந்தவர் நேராகக் கூடத்துக்குப் போய்த் தன் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“பசை வச்சு ஒட்டினது. கழட்ட வராது, உடைக்கத்தான் வேணும்” என்றவர் உளியைத் தேடிப் போய்விட்டார். அவர் முகத்தில் கோபமில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அண்ணி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். “அதுக்குள்ள ஏன் மாமா உளிய எடுக்கிறீங்க? கண்ணாடி இல்லாத சுவர் இன்னொண்ணு இருக்கே, அதப் பாத்தோமா?”

கூடத்தின் மறுபுறம் ஒரு சின்னச் சரக்கறை உண்டு. கடையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை அப்பா அடுக்கிவைத்திருக்கும் இடம். கையை வெட்டிக்கொள்வோம் என்று எங்கள் யாரையும் உள்ளே விடமாட்டார். ரௌட்டருக்கும் அதற்கும் நடுவில் வெறும் செங்கல் சுவர்தான். மறுநாள் அப்பா கடையைத் திறக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்தார். அம்மா தரையை மூன்று தடவை பெருக்கினார். அண்ணி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் அண்ணனைக் கூப்பிட்டார். எண்களை அவர் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அப்படியும் அண்ணி விடவில்லை. காலையில் பார்த்தார், மத்தியானம் பார்த்தார், நாங்கள் எல்லோரும் வீட்டிலிருக்கும் சாயங்காலத்தில் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “பாஸ் மார்க் வந்தப்புறமும் ஏன் அண்ணி திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதுறீங்க?” என்றேன். “மார்க்குக்காக எழுதல வாலு. நம்ம லைன் எப்ப காலை வாரும்னு எனக்குத் தெரியணும்” என்றார்.

சோதனை அழைப்பு நாள் வந்தது. அப்பா போர்க்கால அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். எல்லாக் கைபேசிகளும் அணைக்கப்பட வேண்டும், நெட்டில் ஓடும் டிவி பக்கம் யாரும் போகக்கூடாது, குழந்தைக்கு வீடியோ கிடையாது.

அண்ணி தலையை வாரிக்கொண்டே வந்தார். “வேண்டாம் மாமா. எல்லாம் ஓடட்டும். அத்தை, நீங்க உங்க நாடகத்தப் போடுங்க. வாலு, நீ வீடியோ பாரு.”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மாடி, உனக்கென்ன பித்தா? இன்னைக்கு ஒரு நாள் அணைச்சு வச்சா யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் அம்மா.

“இன்னைக்கு ஒரு நாள் அணைச்சு வைக்கலாம் அத்தை. நாளைக்கு? வலியில துடிக்கிற ஒருத்தங்க சொல்லிக்கிட்டிருக்கும்போது படம் நின்னுட்டா நான் யாருகிட்டப் போய் அணைக்கச் சொல்றது?”

அம்மா போய் டிவியைப் போட்டார். அன்று வருவது நிஜ நோயாளி இல்லை என்பதால் என்னைச் சரக்கறை மூலையில், கேமராவில் விழாதபடி உட்கார அண்ணி விட்டார். காதில் ஒன்றும் மாட்டாமல், சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டேன். என் வாழ்க்கையில் வீடியோ பார் என்று எனக்கு உத்தரவு வந்தது அன்றுதான். ஒரு காட்சிகூட மனசில் ஏறவில்லை.

அலுவலகத்தின் மேலாளர் மருத்துவராக நடித்தார். காது கேளாத பெண் ஒருவர் நோயாளியாக நடித்தார். முதலில் எல்லாம் நன்றாகவே போனது. மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தப் பெண்ணின் படம் உறைந்தது. கை பாதியில் தூக்கியபடி அப்படியே நின்றது. ஒரு கண்சிமிட்டல்தான். படம் மறுபடி நகர்ந்தபோது அவர் சொல்லி முடித்திருந்தார்.

“நேத்து எத்தனை மாத்திரை போட்டாங்க?” என்றார் மேலாளர். “ரெண்டுதானே? எனக்கு அடுத்த நோயாளி காத்துக்கிட்டிருக்காங்க.”

‘ஆமாம்னு சொல்லிடுங்க அண்ணி’ என்று மனசுக்குள் கத்தினேன். படம் நின்றதை மேலாளர் கவனித்திருக்கவேமாட்டார்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “படம் நின்னுடுச்சு டாக்டர். அந்த எண்ணை நான் பாக்கல. மறுபடி கேட்டுச் சொல்றேன்.”

கேட்டார். அந்தப் பெண் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “எட்டு” என்றார் அண்ணி.

மேலாளர் நடிப்பை நிறுத்திவிட்டார். “இந்த மாதிரி எப்பெல்லாம் நிக்கும்?”

“சாயங்காலம் எல்லாரும் வீட்ல இருக்கும்போது நிக்குது சார். இப்பவும் வீட்ல எல்லாம் ஓடுது, வேணும்னேதான் ஓடவிட்டிருக்கேன். குழந்தை பள்ளிக்கூடத்துல இருக்கிற காலை நேரத்துல ஒரு தடவைகூட நிக்கல. அந்த நேரத்த எனக்குக் குடுத்தீங்கன்னா போதும்.”

மேலாளர் அந்தப் பெண்ணிடம் ஏதோ சைகை காட்டினார். அந்தப் பெண் பதில் சொன்னார். அண்ணி பழக்கதோஷத்தில் அதையும் வாய்விட்டுப் பெயர்த்துவிட்டார்: “‘என் டாக்டர்கிட்டப் பேச இவங்களத்தான் கூப்பிடுவேன்’னு சொல்றாங்க.” சொன்ன பிறகுதான் அது தன்னைப் பற்றி என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறு திங்கட்கிழமை முதல் காலை நேர வேலை அண்ணிக்குக் கிடைத்தது. சரக்கறைக் கதவு இப்போது தினமும் சாத்தியே இருக்கிறது. உள்ளே யாருடைய வலியைப் பற்றிப் பேசுகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிச் சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்களா? அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கதவுக்கு வெளியே கைபேசியும் கையுமாக என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், முதலில் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.