புனிதன் தலையின் அளவு

என் அண்ணன் புனிதனுக்குத் தலை பெரிது. தலைக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பாவி மனிதருக்கு அதெல்லாம் தெரியாது. அளவில்தான் பெரிது. கல்யாணத்தன்று தலைப்பாகைக்குத் துணி பத்தாமல், மாமா தோளில் கிடந்த துண்டையும் பிடுங்கிச் சேர்த்துச் சுற்றினோம்.

மலேசியாவில், ஜெராம் என்ற ஊருக்கு உள்ளே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. லோரிகள் கொட்டும் பழக்குலைகளைக் கொக்கியால் இழுத்துத் தள்ளுவார். நான் அதே ஆலையில் லோரி நிறுக்கும் ஆபீசில் இருக்கிறேன். ஸ்டோரில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட் அவர் உச்சியில் இட்லித் தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும், குனிந்தால் விழும். பெரிய அளவு வேண்டுமென்று பதினொரு வருடமாக எழுதிக் கொடுத்தார். "வரும் லா" என்பான் ஸ்டோர் பவனேஷ். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உடைந்த பழையதைத் திருப்பிக் கொடுத்தால் புதியது எழுத அவனிடம் ஃபாரம் உண்டு. பெரிய தலைக்கென்று ஃபாரம் கிடையாது.

போன வருடக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து கெய்ட்லின் என்ற பெண் வந்து, குலை கொட்டும் இடத்துத் தூணில் ஒரு கேமராவையும் கறுப்புப் பெட்டியையும் மாட்டினாள்.

"இது படத்த எங்கயும் அனுப்பாது ஆன்ட்டி. இங்கயே, பெட்டிக்குள்ளயே பாத்து முடிவு பண்ணிடும். நியூரல் நெட்வர்க். லட்சக்கணக்குல தலையப் பாத்துப் படிச்சது."

"அதுல எங்கண்ணன் தல இருக்கா?"

சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

ஹெல்மெட் இல்லாத தலையைக் கண்டால் பெட்டி கூவும். வாரம் முழுக்கக் கூவினால் ஒரு கடிதம். மூன்று கடிதம் வந்தால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். அண்ணனைக் கண்டதும் முதல் நாளே கூவியது. உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அது ஹெல்மெட் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. இரண்டே வாரத்தில் இரண்டு கடிதம்.

மூன்றாவது வராமலிருக்க அண்ணன் முருகனிடம் போனார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டார். விடுமுறை முடிந்து, தலை நிறைய மஞ்சளாய் மின்னும் சந்தனத்தோடு வேலைக்கு வந்தவர் ஹெல்மெட்டை எடுப்பதற்குள் பெட்டி பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. என் ஆபீஸ் திரையிலும் வந்தது: ஹெல்மெட் உண்டு. பதறிப்போய் ஹெல்மெட்டை வைத்தார். கூவியது. எடுத்தார். பச்சை.

"முருகன் கண்ணத் தொறந்துட்டான் கங்கா" என்றார்.

"அவன் தொறந்துட்டான், அந்தப் பெட்டிக்குத்தான் கண்ணு அவிஞ்சு கெடக்கு. ஹெல்மெட்டப் போடுண்ணே. ஒரு பழக்கொல இருவது கிலோ."

"போட்டா வேல போவுது. போடலன்னா தலதானே."

நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தார். அந்த மாதம் ஆலைக்குப் பாதுகாப்பில் நூற்றுக்கு நூறு. "மெஷின் பொய் சொல்லாது கங்கா" என்று சொல்லி எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார். நூறு வாங்கியதற்கு வெட்டிய கேக்காம். வாங்கித் தொலைத்தேன்.

அதன் பிறகு அண்ணன் இரண்டு நாளுக்கு ஒருமுறை சவரம் செய்தார். சாப்பாட்டுப் பையில் சந்தனப் பொட்டலம் வைத்துக்கொண்டு, வியர்வையில் கரையக் கரையப் பூசினார். ஒவ்வொரு லோரி கொட்டும்போதும் நான் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லோரி ஓரத்தில் சிக்கியிருந்த குலை ஒன்று வழுக்கி அவர் தலையை உரசிக்கொண்டு விழுந்தது. முழுசாக விழுந்திருந்தால் இதை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். உயிர் தங்கியது என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஆபீசுக்கு வந்து பார்த்தால், பெட்டி அறிக்கை எழுதி வைத்திருந்தது. விபத்து: ஒன்று. ஹெல்மெட்: உண்டு. ஹெல்மெட்டில் விரிசல்: உண்டு. உடனே மாற்றவும். அளவையும் அதுவே கணக்குப் போட்டிருந்தது: எக்ஸ்ட்ரா லார்ஜ். மேனேஜர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அண்ணன் பதினொரு வருடம் எழுதிக் கேட்டது ஒரே வாரத்தில் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது.

கட்டுப்போட்ட தலையோடு வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். புது ஹெல்மெட் மேசைமேல் அண்டா மாதிரி இருந்தது. பவனேஷ் ஃபாரத்தை விரித்தான்.

"ஒடஞ்ச பழசக் குடுங்கண்ணே. பழசக் குடுத்தாத்தான் புதுசு."

அண்ணன் தலையில் இருந்த கட்டை அவிழ்த்தார். குனிந்து, தலையை மேசைமேல் வைத்தார்.

பவனேஷ் அந்த ஒன்பது தையலையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பேனாவை எடுத்து, பழையது பெறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான்.