ஃபோர்ட்ரானா, கோபாலா?

திருச்சிக்கு வெளியே இருந்த அந்தப் பெரிய தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்ற பேச்சு 1968இல் கிளம்பியதுமே, கேட்டில் கறுப்புக் கொடி ஏறிவிட்டது. கொடி பிடித்து முன்னால் நின்றவன் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பாலக்கரை செபஸ்தியான். அவன் தங்கை லூர்துராணிக்கும் அதே கணக்குப் பிரிவில்தான் வேலை. கணிதத்தில் பி.எஸ்ஸி. படித்தவள். அண்ணனுக்குச் சொல்லாமல் கம்ப்யூட்டர் பயிற்சிக்கான தேர்வை எழுதி, முதலாவதாகத் தேறியிருந்தாள். அவளோடு தேறியவன் பக்கத்து மேஜை பிலோமின்ராஜ். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகள் இரண்டு; மெட்ராஸில் ஒருவர் கோபால் படிக்க வேண்டும், மற்றவர் ஃபோர்ட்ரான்.

விஷயம் தெரிந்ததும் செபஸ்தியான் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான்.

"நீ கோபால் கத்துக்கிட்டு வந்தா சம்பளக் கணக்கையெல்லாம் மிஷினே போட்டுடும். எங்க சோத்துல நீயே மண்ணள்ளிப் போடப் போறியா?"

"நானும் அதே சோறுதானே திங்கிறேன், அண்ணே," என்றாள்.

அன்று மதியம் அதிகாரி இருவரையும் கூப்பிட்டார். "நீங்கதான் முதல் மார்க், நீங்களே முதல்ல சொல்லுங்கம்மா. கோபால்னா சுலபம், இங்கிலீஷ் மாதிரியே எழுதலாம். கணக்குப் பிரிவு வேலையும் உங்களுக்கு அத்துப்படி. ஃபோர்ட்ரான் முழுக்கக் கணித சூத்திரம், இன்ஜினியருங்க சமாசாரம்."

ஜன்னலுக்கு வெளியே கோஷம். எல்லாக் குரலுக்கும் மேலே அண்ணனின் குரல். பிலோமின்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் விடுவது அவன் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கல்லூரியை விட்ட பிறகு தொடாத கணிதம் அவளைப் பிடித்து இழுத்தது.

"ஃபோர்ட்ரான், சார்."

மெட்ராஸில் அவள் எழுதிய முதல் புரோகிராம் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதால் அப்படியே திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தாள். விடை அச்சாகி வந்தபோது அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் படித்தது சம்பளக் கணக்கைத் தொடாத மொழி என்பதால், ஊர் திரும்பியதும் செபஸ்தியான் அவளோடு சமாதானமாகிவிட்டான். கோபால் படித்து வந்த பிலோமின்ராஜோடுதான் யாரும் பேசவில்லை. அவன் நாற்காலியில் 'துரோகி' என்று சாக்பீஸால் எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்தும் யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படவே இல்லை.

ஒரு நாள் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் எதிரே லூர்துராணி போய் உட்கார்ந்தாள்.

"நான் வேண்டாம்னதை உங்க தலையில கட்டிட்டேங்க."

"யாராவது எடுத்துத்தானே ஆகணும்? அது நானாப் போச்சு," என்றான், நிமிராமலே.

அடுத்த மேஜையிலிருந்து அண்ணன் விருட்டென்று எழுந்து போனான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, அங்கேயே சாப்பிட ஆரம்பித்தாள்.